சேலத்திலிருந்து கடல் கடந்த ஊருக்கு: விமான தூரமும் பயண நேரமும் கணக்கிடும் முறை

மகள் மேற்படிப்புக்கு லண்டன் போகிறாள், பேரக்குழந்தையைப் பார்க்க அமெரிக்கா கிளம்ப வேண்டும், சிங்கப்பூரில் வேலை கிடைத்திருக்கிறது. சேலத்தில் முதல்முறை வெளிநாடு கிளம்பும் எல்லா வீட்டிலும் கேட்கும் கேள்வி ஒன்றுதான்: "எவ்வளவு தூரம், எத்தனை மணி நேரம் ஆகும்?" டிக்கெட்டைப் பார்த்து "11 மணி நேரம்" என்று சொல்லிவிடுகிறோம். ஆனால் அஸ்தம்பட்டியில் வீட்டைப் பூட்டிய நேரம் முதல் லண்டனில் அறைக்குள் நுழையும் வரை எண்ணினால் 24 மணி நேரத்தைத் தாண்டும். வானத்தில் இருப்பது அதில் பாதிகூட இல்லை. சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுத்துக்கொள்ளும் பெரியவர்கள், கைக்குழந்தையோடு போகிறவர்கள், ஒரு விமானத்தில் இறங்கி இன்னொன்றைப் பிடிக்க வேண்டியவர்கள் எல்லோருக்கும் முழு நேரமும் தெரிந்தாக வேண்டும். கணக்கு கடினமானதல்ல. பத்தாம் வகுப்புக் கோணவியலும் ஒரு தாளும் போதும்.

முதலில் எந்த விமான நிலையம் என்று உறுதி செய்யுங்கள்

ஊர்ப் பெயரை வைத்துத் தேடக் கூடாது, மூன்றெழுத்துக் குறியீட்டை வைத்துத் தேட வேண்டும். நம் ஊரே இதற்கு நல்ல உதாரணம். ஓமலூர் பக்கம் கமலாபுரத்தில் இருக்கும் சேலம் விமான நிலையத்தின் குறியீடு எஸ்எக்ஸ்வி. அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்திலும் ஒரு சேலம் உண்டு, அதன் குறியீடு எஸ்எல்இ. தூரம் காட்டும் தளங்களில் வெறுமனே "சேலம்" என்று அடித்தால் சில சமயம் அந்தச் சேலத்திலிருந்து கணக்குப் போட்டுக் கொடுத்துவிடும். சிட்னி என்ற பெயரில் கனடாவிலும் ஒரு விமான நிலையம் இருக்கிறது. பர்மிங்ஹாம் இங்கிலாந்திலும் உண்டு, அமெரிக்காவின் அலபாமாவிலும் உண்டு.

ஒரே நகரத்தில் பல விமான நிலையங்கள் இருப்பது அடுத்த சிக்கல். லண்டனுக்கு ஹீத்ரோ, கேட்விக், ஸ்டான்ஸ்டெட் என்று பல. நியூயார்க்குக்குப் போகிறவர்கள் ஜான் எஃப் கென்னடியிலும் இறங்கலாம், பக்கத்து நியூ ஜெர்சியில் இருக்கும் நெவார்க்கிலும் இறங்கலாம். டோக்கியோவில் நரிட்டா ஒரு மூலை, ஹனேடா ஒரு மூலை. வானத்தில் இந்த வித்தியாசம் ஐம்பது அறுபது கிலோமீட்டர்தான், கணக்கை அசைக்காது. ஆனால் ஒன்றில் இறங்கி மற்றொன்றில் ஏற வேண்டிய டிக்கெட்டை வாங்கிவிட்டால், பெட்டியோடு நகரத்தைக் கடக்கவே மூன்று நான்கு மணி நேரம் வேண்டும். விலை குறைவாகக் காட்டும் டிக்கெட்டுகளில் இந்த ஏற்பாடு இருக்கிறதா என்று கட்டாயம் பாருங்கள்.

தூரம்: மூன்று வழிகள்

பள்ளிக்கூடச் சுவரில் தொங்கும் உலக வரைபடத்தில் ஸ்கேல் வைத்து அளந்தால் வரும் விடை தவறு. உருண்டையைத் தட்டையாக விரித்ததில் துருவத்துக்கு அருகில் இருக்கும் நாடுகள் ஊதிப்போயிருக்கும். உருண்டையின் மேல் இரண்டு புள்ளிகளுக்கு இடையே உள்ள மிகக் குறுகிய பாதைக்குப் பெருவட்டப் பாதை என்று பெயர். தட்டை வரைபடத்தில் அது வில்போல வளைந்து தெரியும். விமானம் சுற்றிப் போவதாகத் தோன்றினாலும் உண்மையில் குறுக்கே போகிறது.

வீட்டில் உலக உருண்டை இருந்தால் நூல் போதும். இரண்டு ஊரையும் தொட்டு நூலை இழுத்துப் பிடித்து, அந்த நீளத்தை ஸ்கேலில் அளக்க வேண்டும். 30 செ.மீ. விட்டமுள்ள உருண்டையில் 1 செ.மீ. என்பது ஏறக்குறைய 425 கி.மீ. சென்னையிலிருந்து லண்டனுக்கு 19 செ.மீ.க்குச் சற்று மேல் வரும். பிள்ளைகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு செய்ய இதைவிட நல்ல முறை இல்லை. நூல் தொய்ந்தால் மட்டும் கணக்கு கெடும்.

கணினியில் கூகுள் மேப்பைத் திறந்து, கிளம்பும் விமான நிலையத்தின் மேல் வலது பொத்தானைச் சொடுக்கி, தொலைவை அளவிடும் வசதியைத் தேர்ந்து, சேரும் இடத்தைத் தொட்டால் பெருவட்டத் தூரத்தையே காட்டும். மூன்றாவது வழி, நாமே கணக்கிடுவது. இதை ஒருமுறை செய்து பார்த்தவர்களுக்கு எந்தத் தளம் தவறான எண் காட்டினாலும் கண்ணில் பட்டுவிடும்.

இரண்டு விமான நிலையங்களின் அட்சரேகையும் தீர்க்கரேகையும் வேண்டும். சென்னை: வடக்கு 12.99, கிழக்கு 80.17. லண்டன் ஹீத்ரோ: வடக்கு 51.47, மேற்கு 0.45. மேற்குக்கும் தெற்குக்கும் கழித்தல் குறி போட வேண்டும், மறந்துவிடாதீர்கள். தீர்க்கரேகை வித்தியாசம் 80.17 + 0.45 = 80.62 பாகை.

இரண்டு அட்சரேகைகளின் சைன் மதிப்புகளைப் பெருக்குங்கள்: 0.2248 × 0.7823 = 0.1758.
இரண்டு அட்சரேகைகளின் கொசைன் மதிப்புகளோடு தீர்க்கரேகை வித்தியாசத்தின் கொசைனையும் பெருக்குங்கள்: 0.9744 × 0.6229 × 0.1630 = 0.0989.
இரண்டையும் கூட்டினால் 0.2748 வரும். இதன் தலைகீழ் கொசைன் (கால்குலேட்டரில் cos⁻¹ பொத்தான்) 74.05 பாகை. ஒரு பாகைக்கு 111.2 கி.மீ. என்று பெருக்கினால் சுமார் 8,234 கி.மீ.

தப்பு நடக்கும் இடங்கள் குறிப்பிட்டவைதான். செல்போன் கால்குலேட்டர் பாகையில் இல்லாமல், கோணத்தின் இன்னொரு அலகான ரேடியனில் இருந்தால் விடை கன்னாபின்னா என்று வரும். எக்செல் எப்போதுமே ரேடியனில்தான் கணக்கிடும், ஆகவே பாகையை மாற்றிக் கொடுத்தாக வேண்டும். அடுத்தது, பாகை-கலை எழுத்தைத் தசமமாகப் படிப்பது. ஒரு பாகைக்கு 60 கலை. நம் கமலாபுரம் நிலையம் 11 பாகை 47 கலையில் இருக்கிறது. அதை 11.47 என்று எழுதக் கூடாது. 47-ஐ 60-ஆல் வகுத்து 11.78 என்று எழுத வேண்டும். இந்த ஒரு தவறே 34 கி.மீ. தள்ளிவிடும். தீர்க்கரேகை வித்தியாசம் 180-ஐத் தாண்டினால் கவலை வேண்டாம், கொசைன் அதைத் தானே சரிசெய்துவிடும். கடைசியாக ஒரு சோதனை: உலகில் எந்த இரண்டு இடங்களுக்கும் இடையே பெருவட்டத் தூரம் ஏறக்குறைய 20,000 கி.மீ.க்கு மேல் போகவே முடியாது, அது பூமிச் சுற்றளவில் பாதி. அதற்கு மேல் வந்தால் எங்கோ சறுக்கியிருக்கிறது.

மைல் கணக்கையும் கவனியுங்கள். சாதாரண மைல் 1.609 கி.மீ., விமானிகளும் மாலுமிகளும் பயன்படுத்தும் கடல் மைல் 1.852 கி.மீ. சில தளங்கள் வெறும் "மைல்" என்று போட்டு எந்த மைல் என்று சொல்வதில்லை.

தூரத்தை மணி நேரமாக மாற்றுவது

பெருவட்டத் தூரம் என்பது குறைந்தபட்ச தூரம். விமானம் குறிப்பிட்ட வான்தடங்களில் போக வேண்டும், புறப்படும்போதும் இறங்கும்போதும் வட்டமடிக்க வேண்டும். அதனால் 5 விழுக்காடு கூட்டிக்கொள்ளுங்கள். நீண்ட தூரம் போகும் பெரிய விமானத்தின் வேகம் மணிக்கு 900 கி.மீ. அளவில் இருக்கும். வகுத்து வரும் விடையோடு, ஓடுபாதைக்கு ஊர்ந்து போவது, ஏறுவது, இறங்குவது எல்லாவற்றுக்கும் சேர்த்து அரை மணி கூட்டுங்கள்.

சென்னை-லண்டன்: 8,234-ஐ 1.05-ஆல் பெருக்கினால் சுமார் 8,650. அதை 900-ஆல் வகுத்தால் 9.6 மணி, அரை மணி சேர்த்தால் 10 மணி 6 நிமிடம். மேற்கே போவதால் எதிர்க்காற்றுக்கு இன்னும் அரை மணியிலிருந்து முக்கால் மணி. ஆக, போகும்போது பதினொன்றை நெருங்கும், திரும்பும்போது பத்துக்குள் வரும்.

குறுகிய பயணத்துக்கு இந்த வாய்ப்பாடு பொருந்தாது. கமலாபுரத்திலிருந்து சென்னைக்கு வான்வழி 265 கி.மீ.தான். ஆனால் இங்கே வருவது ஏடிஆர் என்ற விசிறி வைத்த சிறு விமானம், மணிக்கு 500 கி.மீ. அளவில் போகும். பறப்பது அரை மணி, ஏறி இறங்கி ஊர்வது இன்னொரு அரை மணி, ஆக ஒரு மணி நேரம்.

காற்றைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் நம் பக்கத்தில் அது பொது விதியை மீறுகிறது. வட இந்தியாவுக்கு மேலே குளிர்காலத்தில் மேற்கிலிருந்து கிழக்கே வேகமான காற்றோடை ஓடும். ஐரோப்பா, வளைகுடாவிலிருந்து திரும்பும் விமானங்களைத் தள்ளிவிடுவதும், போகும் விமானங்களைத் தடுப்பதும் அதுதான். ஆனால் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில், ஜூன் முதல் செப்டம்பர் வரை, தென்னிந்தியாவுக்கு மேலே உயரத்தில் காற்று கிழக்கிலிருந்து மேற்கே அடிக்கும். இந்தக் கீழைக் காற்றோடையை 1950களில் விளக்கியவர் இந்திய வானிலை அறிஞர் பி. கோட்டீஸ்வரம். ஆடி மாதத்தில் சென்னையிலிருந்து துபாய் போகும் விமானத்துக்கு நம் வான்பகுதியைக் கடக்கும்வரை அது பின்காற்று. அட்டவணை நேரம் பருவத்துக்குப் பருவம் பத்து இருபது நிமிடம் மாறுவதற்கு இது ஒரு காரணம்.

நாடுகள் வான்வெளியை மூடுவது அடுத்த காரணம். 2022 பிப்ரவரிக்குப் பிறகு ஐரோப்பிய, அமெரிக்க நிறுவனங்கள் பல ரஷ்யா மேல் பறக்க முடியவில்லை. 2025 ஏப்ரலில் பாகிஸ்தான் தன் வான்வெளியை இந்திய விமானங்களுக்கு மூடியபோது டெல்லியிலிருந்து மேற்கே போகும் பயணங்கள் நீண்டன. தெற்கிலிருந்து அரபிக்கடல் மேலாகப் போகும் விமானங்களுக்குப் பாதிப்பு குறைவு. திபெத் பீடபூமியின் மேலும் விமானங்கள் அதிகம் போவதில்லை. உள்ளே காற்றழுத்தம் குறைந்தால் 10,000 அடிக்கு இறங்க வேண்டும், அங்கே தரையே அதைவிட உயரம்.

எந்த ஊர் வழியாக மாறினால் நல்லது

நேரடி விமானம் இல்லாதபோது இடையில் எங்கே மாறுவது என்பதற்கும் இதே கணக்கு உதவும். சென்னை-துபாய் சுமார் 2,930 கி.மீ., துபாய்-லண்டன் சுமார் 5,500. கூட்டினால் 8,430. நேரடித் தூரத்தைவிட 200 கி.மீ.தான் அதிகம், அதாவது துபாய் ஏறத்தாழ வழியிலேயே இருக்கிறது. அதே லண்டனுக்குச் சிங்கப்பூர் வழியாக என்றால் 13,800 கி.மீ. ஆகிவிடும். விலை எவ்வளவு குறைவாக இருந்தாலும் லண்டனுக்குக் கிழக்கே போய்த் திரும்பும் டிக்கெட் வயதானவர்களுக்கு வேண்டாம்.

சான் பிரான்சிஸ்கோ கொஞ்சம் விசித்திரமானது. நமக்கு ஏறக்குறைய உலகின் மறுபக்கம் என்பதால் குறுகிய பாதை வட துருவத்தை ஒட்டிப் போகிறது. 2021 ஜனவரியில் ஏர் இந்தியாவின் பெண் விமானிகள் சான் பிரான்சிஸ்கோவிலிருந்து பெங்களூருக்கு அந்த வழியாகத்தான் நிற்காமல் பறந்து வந்தார்கள். நேர்த்தூரம் 13,993 கி.மீ., ஏறக்குறைய 17 மணி நேரம். இடையில் மாறுவதென்றால் சென்னையிலிருந்து ஹாங்காங் வழி 14,840 கி.மீ., துபாய் வழி 15,950 கி.மீ. பறக்கும் நேரத்தில் ஒரு மணிக்கு மேல் வித்தியாசம். ஆனால் மாறும் இடத்தில் காத்திருக்கும் நேரம் 3 மணியா 9 மணியா என்பது இதைவிட முக்கியம். இரண்டு மணிக்குக் குறைவான இடைவெளி முதல்முறை போகிறவர்களுக்குப் போதாது.

கடிகாரக் கணக்கு

டிக்கெட்டில் இருக்கும் ஒவ்வொரு நேரமும் அந்தந்த ஊர் நேரம். இதைப் புரிந்துகொள்ளாமல் கழித்தால் என்ன ஆகும் பாருங்கள். சென்னையிலிருந்து துபாயும் சிங்கப்பூரும் ஏறக்குறைய ஒரே தூரம், இரண்டுமே 2,930 கி.மீ. அளவு. காலை 10 மணிக்குக் கிளம்பும் ஒரு துபாய் விமானம் அங்கே பகல் 12.45க்கு இறங்குவதாக வைத்துக்கொள்வோம். அப்படியே கழித்தால் 2 மணி 45 நிமிடம். அதே 10 மணிக்குக் கிளம்பும் சிங்கப்பூர் விமானம் அங்கே மாலை 4.35க்கு இறங்கினால் 6 மணி 35 நிமிடம். இரண்டும் பொய். துபாய் நமக்கு ஒன்றரை மணி பின்னால், சிங்கப்பூர் இரண்டரை மணி முன்னால். நம் நேரத்துக்கு மாற்றினால் துபாயில் இறங்குவது 2.15க்கு, சிங்கப்பூரில் 2.05க்கு. இரண்டுமே நான்கு மணி நேரத்துக்குச் சற்று மேல்தான்.

ஆகவே எல்லா நேரத்தையும் இந்திய நேரத்துக்கு மாற்றி ஒரே தாளில் எழுதிய பிறகே கழியுங்கள். வித்தியாசங்கள்: துபாய் 1½ மணி பின்னால், தோஹா 2½ பின்னால், சிங்கப்பூரும் கோலாலம்பூரும் 2½ முன்னால். இவை ஆண்டு முழுக்க மாறாது. மற்றவை மாறும். லண்டன் குளிர்காலத்தில் 5½ பின்னால், கோடையில் 4½. நியூயார்க், டொராண்டோ 10½ அல்லது 9½. சான் பிரான்சிஸ்கோ 13½ அல்லது 12½. சிட்னியும் மெல்போர்னும் அக்டோபர் முதல் ஏப்ரல் தொடக்கம் வரை 5½ முன்னால், மற்ற மாதங்களில் 4½. மாறும் நாள் எல்லோருக்கும் ஒன்றல்ல. அமெரிக்கா மார்ச் இரண்டாம் ஞாயிறு மாற்றும், பிரிட்டன் மார்ச் கடைசி ஞாயிறு. இந்த இடைவெளி வாரங்களில்தான் கனெக்டிங் விமானக் கணக்கு அதிகம் தவறும்.

டிக்கெட்டில் நேரத்துக்குப் பக்கத்தில் +1 என்று இருந்தால் மறுநாள் இறங்குகிறீர்கள். வெள்ளி இரவு 11 மணிக்குச் சான் பிரான்சிஸ்கோவில் ஏறினால் சிங்கப்பூரில் ஞாயிறு காலை இறங்குவீர்கள், அங்கே +2 என்று இருக்கும். ஒரு சனிக்கிழமை முழுதாகக் காணாமல் போகாது. சர்வதேச நாள்கோட்டைத் தாண்டுவதால் தேதி மட்டும் குதிக்கிறது, உடம்பு கடந்தது 17 மணி நேரம்தான். மாத்திரை வேளைகளை இந்த உண்மையான மணிக்கணக்கில் எழுதி எடுத்துப்போய் மருத்துவரிடம் காட்டிக் கேளுங்கள்.

எல்லாவற்றையும்விடப் பெரிய ஆபத்து நள்ளிரவு டிக்கெட். "சனிக்கிழமை 00.40" என்று இருந்தால் வெள்ளிக்கிழமை இரவே நீங்கள் விமான நிலையத்தில் இருக்க வேண்டும். சேலத்துக்காரர்களுக்கு அது வெள்ளி மதியம் வீட்டைவிட்டுக் கிளம்புவது. சனிக்கிழமை இரவு சாவகாசமாகப் போய் நிற்பவர்களின் விமானம் முந்தைய இரவே போயிருக்கும். டிக்கெட் கைக்கு வந்த அன்றே நாள்காட்டியில் வீட்டிலிருந்து கிளம்பும் நாளைத்தான் வட்டமிட வேண்டும், பறக்கும் நாளை அல்ல.

வீட்டு வாசலிலிருந்து எண்ணுங்கள்

சேலத்துக்கு எட்டும் தூரத்தில் நான்கு சர்வதேச விமான நிலையங்கள் இருக்கின்றன. திருச்சி சுமார் 140 கி.மீ., நாமக்கல் வழியாக மூன்று மணி நேரம் வைத்துக்கொள்ளலாம். சிங்கப்பூர், கோலாலம்பூர், வளைகுடா போகிறவர்கள் முதலில் திருச்சியைப் பார்ப்பது நல்லது. கோவை சுமார் 160 கி.மீ., சங்ககிரி, பவானி, பெருந்துறை, அவிநாசி என்று நல்ல சாலை. விமான நிலையம் நகரத்துக்கு இந்தப் பக்கமே இருப்பதால் ஊருக்குள் மாட்ட வேண்டியதில்லை.

பெங்களூருதான் ஏமாற்றும். வரைபடத்தில் 200 கி.மீ. என்று பார்த்துவிட்டு நான்கு மணி நேரம் போதும் என்று கிளம்புகிறார்கள். விமான நிலையம் நகரத்தின் வடக்கே தேவனஹள்ளியில் இருக்கிறது, நாம் நுழைவதோ தெற்கே ஓசூர் பக்கம். நகரத்தையே குறுக்கே கடக்க வேண்டும், மொத்தம் 240 கி.மீ. அளவு. தொப்பூர் கணவாயில் ஒரு லாரி கவிழ்ந்தாலே ஒரு மணி நேரம் போய்விடும். அதற்கு மேல் எலக்ட்ரானிக் சிட்டி, சில்க் போர்டு நெரிசல். ஏழு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள், மாலை வேளையானால் அதற்கும் மேல். சென்னை 340 கி.மீ. என்றாலும் ஆத்தூர், கள்ளக்குறிச்சி, உளுந்தூர்பேட்டை வழியாகப் போனால் மீனம்பாக்கம் நகரத்துக்கு இந்தப் பக்கமே வந்துவிடும். பெருங்களத்தூர், தாம்பரம் நெரிசல் மட்டும்தான். ஆறரை மணி ஓட்டத்துக்கு ஒன்றரை மணி கையிருப்பு, ஆக எட்டு மணி நேரம். ரயிலில் போகிறவர்கள் சென்ட்ரலில் இறங்கி மெட்ரோவிலேயே விமான நிலையம் வரை போகலாம். பெட்டி இரண்டுக்கு மேல் இருந்தால் காரே மேல்.

ஏற்காட்டிலிருந்து வருகிறவர்கள் மலையிறங்க ஒரு மணி நேரம் என்று எண்ணாமல் ஒன்றரை என்று எண்ணுங்கள். கார்த்திகை, மார்கழியில் மூடுபனி இருந்தால் இருபது கொண்டை ஊசி வளைவுகளிலும் வண்டி ஊர்ந்துதான் வரும். கனமழையில் மலைப்பாதை மண்சரிவால் அடைபட்டால் குப்பனூர் வழியாக இறங்க வேண்டிவரும். மழை எச்சரிக்கை இருந்தால் முந்தைய நாளே சேலத்துக்கு இறங்கி உறவினர் வீட்டில் தங்கிவிடுவது பாதுகாப்பு.

கமலாபுரத்திலிருந்தே விமானத்தில் சென்னையோ பெங்களூரோ போய் மாறலாமே என்று கேட்பார்கள். 2023 அக்டோபரில் சேவை மீண்டும் தொடங்கியதிலிருந்து இது முடிகிற காரியம். ஒரு நிபந்தனை உண்டு. இரண்டு பயணமும் ஒரே டிக்கெட்டில் இருக்க வேண்டும். தனித்தனியாக வாங்கினால் முதல் விமானம் பனியால் தாமதமாகி இரண்டாவதைத் தவறவிட்டால் யாரும் பொறுப்பல்ல. பெட்டியையும் நீங்களே வாங்கி மறுபடி செக்-இன் செய்ய வேண்டும். மேலும், உள்நாட்டு டிக்கெட்டில் வழக்கமாக 15 கிலோதான் இலவசம். அமெரிக்காவுக்குத் தலா 23 கிலோவில் இரண்டு பெட்டி கட்டியவர்கள் மீதி 31 கிலோவுக்குக் கமலாபுரத்திலேயே பணம் கட்ட வேண்டிவரும். தனி டிக்கெட்தான் என்றால் இடையில் ஆறு மணி நேரமாவது விடுங்கள்.

இனி ஒரு முழுக் கணக்கு. சென்னையில் சனி அதிகாலை 5.30க்கு லண்டன் விமானம், காரில் போகிறோம். மூன்று மணி நேரம் முன்னதாக, அதாவது 2.30க்கு விமான நிலையத்தில் இருக்க வேண்டும். செக்-இன் கவுன்டரைப் பொதுவாக ஒரு மணி நேரத்துக்கு முன்பே மூடிவிடுவார்கள், அதற்குப் பிறகு யார் கெஞ்சியும் பயனில்லை. எட்டு மணி நேரம் பின்னால் போனால் வெள்ளி மாலை 6.30க்குச் சேலத்தில் வண்டி நகர வேண்டும், ஏற்காடு என்றால் மாலை 5 மணிக்கு. விமானம் 11 மணி நேரம் பறந்தால் இந்திய நேரம் சனி மாலை 4.30, ஜனவரியில் லண்டனில் காலை 11. குடியேற்றச் சோதனைக்கும் பெட்டி எடுக்கவும் இரண்டு மணி நேரம், நகருக்குள் போக ஒரு மணி. வீட்டுக் கதவு திறக்கும்போது அங்கே பகல் 2, நமக்கு இரவு 7.30. மொத்தம் 25 மணி நேரம். அழைத்துப்போக வருகிறவருக்கு 11 மணி என்று சொல்லாமல் ஒரு மணிக்கு வெளிவாசலுக்கு வரச் சொல்லுங்கள், அதையும் லண்டன் நேரத்திலேயே எழுதி அனுப்புங்கள்.